குருவானவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்தும் வரவு செலவும்

இங்கிலாந்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பழைய கல் ஆலயம் ஒன்று இருக்கும். சிலர் ஞாயிறு ஆராதனைக்குப் போவார்கள். சிலர் பிள்ளையைத் திருச்சபைப் பள்ளியில் சேர்த்திருப்பார்கள். சிலர் வீடு வாங்கும்போதுதான் அந்த ஆலயத்தின் பெயரைச் சட்டக் காகிதத்தில் முதன்முதலாகப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் வரும் சந்தேகம் ஒன்றுதான்: இது அரசுத் திருச்சபையாயிற்றே, செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்ளாதா?

பார்த்துக்கொள்ளாது. உங்கள் ஊர்க் குருவானவரின் மாதப் படியில் பெரும்பங்கு ஊர்மக்களின் காணிக்கையிலிருந்து வருகிறது. அது எப்படி என்று புரிந்துகொண்டால், நீங்கள் போடும் காணிக்கை எங்கே போகிறது, எதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

"அரசுத் திருச்சபை" என்றால் என்னதான் பொருள்?

இங்கிலாந்துத் திருச்சபை நாட்டின் சட்டத்தோடு பிணைந்த சபை. மன்னர்தான் அதன் உச்ச ஆளுநர். பேராயர்கள் 26 பேர் பிரபுக்கள் சபையில் உட்காருகிறார்கள். திருச்சபை தனக்காக இயற்றும் சட்டங்களும் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். இந்தப் பிணைப்பு இங்கிலாந்துக்கு மட்டுமே. அயர்லாந்தில் 1871இலும் வேல்ஸில் 1920இலும் அது அறுந்துவிட்டது.

ஆனால் நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஊர்க் குருமாரின் சம்பளத்துக்கென்று ஒரு பென்னி ஒதுக்கீடும் கிடையாது. ராணுவம், சிறை, அரசு மருத்துவமனை ஆகியவற்றில் பணிபுரியும் குருமாருக்கு அந்தந்த நிறுவனம் சம்பளம் தருகிறது. பழைய ஆலயங்களைப் பழுதுபார்க்கச் சில மானியங்கள் உண்டு. அரசுப் பணம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆயிரம் கோடி பவுண்டு இருக்கிறதாமே, அது யாருடையது?

செய்தித்தாளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அந்தத் தொகை உண்மைதான். அது "சர்ச் கமிஷனர்ஸ்" என்ற அமைப்பின் மூலதன நிதி. அதன் மதிப்பு 1,000 கோடி பவுண்டுக்கு மேல். பங்குகள், விவசாய நிலம், காடு, லண்டன் ஹைட் பார்க் பக்கத்துக் குடியிருப்புகள் எனப் பல முதலீடுகளில் அது பரவியிருக்கிறது.

அந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது? வேர் 1704இல் இருக்கிறது. புதிதாகப் பதவியேற்கும் குருமார் முதல் ஆண்டு வருமானத்தையும், அதன்பின் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கையும் ஒரு காலத்தில் போப்புக்குக் கட்டிவந்தார்கள். எட்டாம் ஹென்றி அதைத் தன் கஜானாவுக்குத் திருப்பிக்கொண்டார். ஆன் அரசி 1704இல் அந்த வருவாயை ஏழைக் குருமாருக்கென்று விட்டுக்கொடுத்தார். அந்த நிதியும், 1836இல் பேராலயங்களின் உபரிச் சொத்தை நிர்வகிக்க உருவான ஓர் ஆணையமும் 1948இல் ஒன்றாக்கப்பட்டதே இன்றைய சர்ச் கமிஷனர்ஸ்.

அந்தப் பழைய நிதியின் ஒரு பகுதி, 18ஆம் நூற்றாண்டில் அடிமை வியாபாரம் செய்த சவுத் சீ கம்பெனியில் முதலீடாக இருந்தது. அதற்குப் பரிகாரமாக 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாகக் கமிஷனர்ஸ் 2023இல் அறிவித்தார்கள். பழைய சொத்தோடு அதன் பொறுப்பும் கூடவே வருகிறது என்பதை இது காட்டுகிறது.

அவ்வளவு பணம் இருக்கும்போது ஊர் ஆலயத்தில் ஏன் காணிக்கைத் தட்டு சுற்றிவருகிறது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பதில்: திருச்சபையின் சொத்து ஒரே பெட்டியில் இல்லை. மூன்று பெட்டிகளில் இருக்கிறது. சட்டத்தின் பார்வையில் மூன்றும் தனித்தனி அறநிறுவனங்கள். ஒன்றின் பணத்தை இன்னொன்று கைநீட்டி எடுக்க முடியாது.

முதல் பெட்டி உங்கள் ஊர்ச் சபையினுடையது. அதை நடத்துவது பி.சி.சி. (ஊர்ச் சபை நிர்வாகக் குழு). இரண்டாவது, திருமண்டலத்தினுடையது. பேராயர் ஒருவரின் கீழ் வரும் ஊர்ச் சபைகள் எல்லாம் சேர்ந்தது திருமண்டலம். மொத்தம் 42 திருமண்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் நிதி வாரியம் உண்டு. மூன்றாவது, மேலே சொன்ன சர்ச் கமிஷனர்ஸ்.

கமிஷனர்ஸ் நினைத்தபடி செலவு செய்ய முடியாது. பேராயர்களின் ஊதியமும் அலுவலகச் செலவும், பெரும்பாலான பேராலயங்களில் தலைமைக் குருவுக்கும் இரண்டு குருமாருக்கும் ஊதியம், வருமானம் குறைந்த பகுதிகளுக்கான உதவி, 1998க்கு முந்தைய பணிக்காலத்துக்கான ஓய்வூதியம் ஆகியவை அவர்கள் பொறுப்பு. மூலதனத்தைக் கரைக்காமல் அடுத்த தலைமுறைக்கும் விட்டுவைக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மக்களவை உறுப்பினர் ஒருவர் கமிஷனர்ஸ் சார்பாகக் கேள்விகளுக்கு விடை தருகிறார்.

முன்பு கமிஷனர்ஸ்தானே ஊர்க் குருமாருக்கும் நிறையக் கொடுத்தார்கள்?

ஆம். அது மாறியதற்குக் காரணம் உண்டு. 1980களின் இறுதியில் கமிஷனர்ஸ் கடன் வாங்கி நிலம், கட்டட முதலீடுகளில் பெரிய அளவில் இறங்கினார்கள். 1990களின் தொடக்கத்தில் சந்தை சரிந்தது. சொத்து மதிப்பில் சுமார் 80 கோடி பவுண்டு போனது. இன்னொரு பக்கம் ஓய்வுபெற்ற குருமாரின் எண்ணிக்கை கூடி, ஓய்வூதியச் சுமையும் ஏறிக்கொண்டிருந்தது.

அதன் விளைவாக விதிகள் மாற்றப்பட்டன. 1998 முதல் செய்யும் பணிக்கான ஓய்வூதியத்துக்குத் திருமண்டலங்களே தவணை கட்ட வேண்டும் என்றானது. ஊதியச் சுமையும் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தட்டு கனமாக வேண்டிய கட்டாயம் அப்படித்தான் ஊர்ச் சபைக்கு வந்தது.

இப்போது மறுபடியும் மேலிருந்து உதவி கூடியிருக்கிறது. 2026 முதல் 2028 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 160 கோடி பவுண்டு தரப்போவதாகக் கமிஷனர்ஸ் 2025இல் அறிவித்தார்கள். ஆனால் அது ஊர்ச் சபையின் பொறுப்பை நீக்கிவிடவில்லை.

சரி, குருவானவருக்குப் பணம் போய்ச் சேரும் வழி என்ன?

ஊர்ச் சபை குருவானவருக்கு நேராகச் சம்பளம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு சபையும் ஆண்டுதோறும் ஒரு தொகையைத் திருமண்டலத்துக்கு அனுப்புகிறது. அதற்குப் பெயர் "பாரிஷ் ஷேர்" (ஊர்ப் பங்குத் தொகை). திருமண்டலம் அதையெல்லாம் திரட்டி, தன் நிலவருவாயையும் முதலீட்டு வருவாயையும் சேர்த்து, குருமாரின் ஊதியம், வீடு, ஓய்வூதியத் தவணை, புதிய குருமாருக்கான பயிற்சி ஆகியவற்றுக்குச் செலவிடுகிறது.

இதனால் ஒரு நன்மை: பணக்கார ஊரின் குருவுக்கும் ஏழை ஊரின் குருவுக்கும் ஊதியம் ஏறக்குறைய ஒன்றே. வசதியான சபை கூடுதலாகக் கொடுக்கிறது. அது வசதியற்ற சபையைத் தாங்குகிறது.

"நாங்கள் கொடுக்காவிட்டால்?" என்று கேட்கலாம். பங்குத் தொகை சட்டப்படி வசூலிக்கக்கூடிய வரி இல்லை. ஆனால் பல சபைகள் கொடுக்காமல் விட்டால் திருமண்டலத்துக்குத் துண்டு விழும். அப்போது குருவானவர் ஓய்வுபெற்றால் அந்த இடம் நீண்ட நாள் காலியாகவே கிடக்கலாம். பக்கத்து ஊரோடு சேர்த்து ஒரே குருவிடம் ஒப்படைக்கப்படலாம். கிராமப்புறங்களில் ஒருவர் ஐந்து, ஆறு ஆலயங்களைப் பார்த்துக்கொள்வது இன்று சாதாரணம்.

அந்த ஊதியம் எவ்வளவு?

அதைத் திருச்சபை சம்பளம் என்று சொல்வதில்லை. "ஸ்டைபெண்ட்" (பிழைப்புப் படி) என்கிறார்கள். வேறு வேலை தேடாமல் ஊழியம் செய்வதற்கான வாழ்க்கைச் செலவு என்பதே அதன் அடிப்படை. 2023இல் தேசிய அளவுகோல் ஆண்டுக்குச் சுமார் 28,000 பவுண்டு. அதோடு வாடகையில்லாத வீடும், திருமண்டலம் கட்டும் கவுன்சில் வரியும் உண்டு. குருமாரில் கணிசமான பேர் படியே வாங்காமல், வேறு வேலை பார்த்துக்கொண்டோ ஓய்வூதியத்தை வைத்தோ ஊழியம் செய்கிறார்கள்.

வீடு இலவசம் என்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ஓய்வுபெறும் நாளில் வீட்டைக் காலிசெய்ய வேண்டும். வாழ்நாள் முழுக்கச் சொந்த வீடு வாங்காதவர் எங்கே போவார்? இதற்காகத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியம் வாடகை வீட்டுத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. குருப்பணிக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பாருங்கள்.

தசமபாகமும் ஆலய நிலமும் என்ன ஆயின?

ஒரு காலத்தில் விளைச்சலில் பத்தில் ஒன்றை ஊர்க் குருவுக்குக் கொடுப்பது கட்டாயம். 1836இல் அது பண வாடகையாக மாற்றப்பட்டது. 1936இல் அந்த வாடகையும் ஒழிக்கப்பட்டது. இன்று தசமபாகம் கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார். கேட்டு வாங்கச் சட்டம் இல்லை.

நிலத்தின் கதை வேறு. நம்மூரில் கோயில் அர்ச்சகருக்கு மானிய நிலம் விட்டதுபோல, அங்கே குருவானவரின் பிழைப்புக்கென்று "கிளீப்" (குரு மானிய நிலம்) இருந்தது. நல்ல நிலம் வாய்த்த ஊரில் குரு செழிப்பாக இருந்தார். பக்கத்து ஊர்க் குரு பட்டினி கிடந்தார். 1978இல் இந்த நிலமெல்லாம் திருமண்டல நிதி வாரியத்துக்கு மாற்றப்பட்டது. அதன் வருவாய் குருமாரின் படிக்கான பொது நிதிக்குப் போகிறது. ஆகவே உங்கள் ஊர்க் கிளீப் நிலம் வீட்டு மனையாக விற்கப்பட்டால், அந்தப் பணம் உங்கள் ஆலயக் கூரைக்கு வராது.

ஆலயக் கட்டடம் யாருக்குச் சொந்தம்?

பேராயருக்கு அல்ல, மன்னருக்கும் அல்ல. பெரும்பாலான ஊர்களில் ஆலயமும் கல்லறைத் தோட்டமும் அந்தந்தக் காலத்தில் ஊர்க் குருவாக இருப்பவரின் பதவியின் பெயரில் இருக்கின்றன. உரிமை பதவிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அவர் விற்கவும் முடியாது, எழுதிவைக்கவும் முடியாது. உள்ளே இருக்கும் பாத்திரங்கள், நாற்காலிகள், புத்தகங்கள் போன்றவை சர்ச் வார்டன்கள் (ஆலயச் சொத்துக் காப்பாளர்கள்) பொறுப்பில். பழுதுபார்க்கும் கடமையோ பி.சி.சி.யினுடையது. உரிமை ஒருவரிடம், சாமான் இன்னொருவரிடம், செலவு வேறொருவரிடம்.

இது சிறிய சுமை இல்லை. திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயக் கட்டடங்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் ஒருவர் கூரை முதல் அடித்தளம்வரை பார்த்து அறிக்கை தர வேண்டும். அதில் "உடனே செய்ய வேண்டியவை" என்ற பக்கத்தைத்தான் பி.சி.சி. பயத்தோடு திருப்பும்.

ஒரு மர இருக்கையை நகர்த்தக்கூட அனுமதி வேண்டும் என்கிறார்களே?

உண்மைதான். சிறு பழுதுகளுக்கு அனுமதி தேவையில்லை. நடுத்தர வேலைகளுக்கு ஆர்ச்டீக்கன் (பேராயருக்கு அடுத்த நிர்வாகக் குரு) எழுத்தில் சம்மதம் தந்தால் போதும். பெரிய மாற்றங்களுக்கு "ஃபேக்கல்டி" (திருச்சபை நீதிமன்ற அனுமதி) வாங்க வேண்டும். பழைய இருக்கைகளை எடுத்துவிட்டு நாற்காலி போடுவது இந்த வகையில் வரும்.

உங்களுக்கு இதில் என்ன? ஃபேக்கல்டி கேட்டு விண்ணப்பித்தால் ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டப்படும்; அதைப் பாருங்கள். 28 நாள் அது அங்கே இருக்கும். என்ன வேலை, வரைபடத்தை எங்கே பார்க்கலாம், ஆட்சேபணையை யாருக்கு எழுத வேண்டும் என்று அதில் இருக்கும். அந்த ஊர் எல்லைக்குள் குடியிருப்பவர், ஆலயத்துக்குப் போகாதவராக இருந்தாலும், எழுதலாம்.

காணிக்கை போடும்போது நான் கவனிக்க வேண்டியது என்ன?

இருக்கையில் சின்ன உறை ஒன்று கிடக்கும். அதன்மேல் பெயர், முகவரி, அஞ்சல் குறியீடு, கையெழுத்து எழுதக் கோடுகளும் "கிஃப்ட் எய்ட்" (கொடைக்கான வரிச் சலுகை) என்ற கட்டமும் இருக்கும். நீங்கள் பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் என்றால், அதை நிரப்பி நீங்கள் போடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் சபை அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாகப் பெறும். உங்களுக்கு ஒரு செலவும் இல்லை.

எச்சரிக்கை ஒன்று. அந்த ஆண்டில் நீங்கள் போதுமான வரி கட்டவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் குறியிடாதீர்கள். சபை பெற்ற தொகைக்கு ஈடாக வரித்துறை உங்களிடம் கேட்கும். வேலைக்குப் போகாத தாத்தா, பாட்டி, மாணவர்கள் பெயரில் உறை நிரப்பும் வழக்கம் வேண்டாம். அவர்கள் சும்மா தட்டில் போட்டாலே போதும். 30 பவுண்டுக்கு உட்பட்ட சில்லறைக் காணிக்கைகளுக்குத் தனித் திட்டம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு 8,000 பவுண்டு வரையிலான காணிக்கைக்கு, யார் கொடுத்தார் என்ற விவரம் இல்லாமலே சபை அந்தக் கூடுதல் தொகையைக் கோரலாம்.

இன்னொன்று: "கூரைக்கு" என்று எழுதிக் கொடுத்தால், அந்தப் பணத்தைக் கூரைக்கு மட்டுமே செலவிடலாம். மின்கட்டணம் நிலுவையில் இருந்தாலும் தொட முடியாது. சபைக்கு எது அவசரமோ அதற்குப் போகட்டும் என்று நினைத்தால், நோக்கம் எழுதாமல் கொடுங்கள்.

கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும் கட்டும் பணம் குருவானவருக்குப் போகிறதா?

இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே கட்டணப் பட்டியல் இருக்கிறது. அதில் ஒரு பங்கு பி.சி.சி.க்கு, மற்றொரு பங்கு திருமண்டல நிதி வாரியத்துக்கு. ஆகவே குருவானவரிடம் பேரம் பேசுவதில் பொருளில்லை. தனியாக உறையில் வைத்துக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆர்கன், மணி, பூ, குளிர்காலத்தில் வெப்பமூட்டும் செலவு ஆகியவை தனிக்கணக்கு. அவற்றை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஞானஸ்நான ஆராதனைக்குக் கட்டணம் கிடையாது.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் இருந்தால், அந்த ஊரில் குடியிருப்பவருக்கு அங்கே அடக்கம் செய்யப்படும் உரிமை உண்டு. எந்த மதம் என்பது கேள்வியில்லை. இடம் நிறைந்து சட்டப்படி மூடப்பட்ட தோட்டத்தைப் பராமரிக்கும் பொறுப்பை உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைக்கலாம். அப்போது புல் வெட்டும் செலவு உங்கள் கவுன்சில் வரியில் சேர்கிறது.

வீடு வாங்கும்போது ஆலயத்தின் பெயர் ஏன் வருகிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆலயத்தில் ஆல்டர் இருக்கும் கிழக்குப் பகுதிக்குச் "சான்சல்" என்று பெயர். பழைய வழக்கப்படி, ஊரின் தசமபாகத்தைப் பெற்றவரே சான்சலைப் பழுதுபார்க்க வேண்டும். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது அவற்றின் தசமபாக உரிமையும் நிலங்களும் தனியார் கைக்குப் போயின. கூடவே பழுதுபார்க்கும் கடனும் போனது. நிலம் கைமாறக் கைமாற அதுவும் தொடர்ந்தது.

வார்விக்ஷயரில் ஆஸ்டன் காண்ட்லோ என்ற கிராமத்தில் ஒரு தம்பதிக்கு இப்படியொரு பண்ணை வந்து சேர்ந்தது. சான்சல் பழுதுக்குப் பணம் கட்டுங்கள் என்று பி.சி.சி. கேட்டது. வழக்கு பிரபுக்கள் சபையின் நீதிபதிகள்வரை போய், 2003இல் தம்பதிக்கு எதிராகத் தீர்ப்பானது. பழுதுச் செலவும் வழக்குச் செலவும் சேர்ந்து, கடைசியில் பண்ணையையே விற்க வேண்டியதாயிற்று.

அதன்பின் நிலைமை தெளிவாக்கப்பட்டது. இந்தக் கடன் உள்ள நிலம் எது என்பதை பி.சி.சி. 2013 அக்டோபர் 13க்குள் நிலப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் விலைகொடுத்து வீடு வாங்கி, வாங்கும்போது பதிவில் அந்தக் குறிப்பு இல்லை என்றால், பொதுவாகக் கவலையில்லை. பரம்பரையாக வந்த அல்லது அன்பளிப்பாகக் கிடைத்த வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு தானாக வராது. சொலிசிட்டரிடம் "சான்சல் தேடல் செய்தீர்களா, காப்புறுதி வேண்டுமா" என்று கேளுங்கள். காப்புறுதிக் கட்டணம் சிறியது.

பள்ளிக்குக் கொடுக்கும் பணமும் ஆலயத்துக்குத்தானா?

இல்லை. திருச்சபைப் பள்ளியின் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. பள்ளி உங்களிடம் கட்டட நிதிக்கு நன்கொடை கேட்டால் அது பள்ளிக் கணக்கு. கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுக்காததால் பிள்ளையின் இடம் பறிபோகாது.

நம்மூர் சி.எஸ்.ஐ. சபைக்கு இந்த நிதியில் பங்கு உண்டா?

கிடையாது. சென்னைக் கோட்டையில் 1680இல் புனித மரியாள் ஆலயம் பிரதிஷ்டையான காலத்தில், அங்கிருந்த குருவுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி சம்பளம் தந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் இந்திய அரசு தந்தது. 1927இல் இயற்றிய சட்டத்தின்படி இந்திய ஆங்கிலிக்கன் சபை 1930இல் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்து தனித்து நின்றது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. உறவு ஐக்கியத்தில் தொடர்கிறது. கணக்குப் புத்தகத்தில் இல்லை.

கணக்கை நான் எங்கே பார்ப்பது?

ஒவ்வொரு ஆண்டும் மே 31க்குள் சபையின் ஆண்டுக் கூட்டம் நடக்க வேண்டும். அங்கே தணிக்கையான கணக்கை முன்வைக்க வேண்டும். பதினாறு வயது நிரம்பிய, ஞானஸ்நானம் பெற்றவர் சபையின் வாக்காளர் பட்டியலில் சேரலாம்; சி.எஸ்.ஐ.யிலிருந்து வந்தவருக்கும் தடையில்லை. சர்ச் வார்டன் தேர்தலிலோ, அந்த ஊரின் உள்ளாட்சி வாக்காளராக இருக்கும் எவரும் ஓட்டுப் போடலாம்.

கூட்டத்துக்குப் போனால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த ஆண்டு பாரிஷ் ஷேர் எவ்வளவு கேட்டார்கள், எவ்வளவு கட்டினோம்? நோக்கம் குறித்த நிதி எவ்வளவு, செலவுக்கு எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு? ஐந்தாண்டு அறிக்கையில் உடனே செய்யச் சொன்ன வேலைகளில் எது பாக்கி? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், உங்கள் சபை எந்த நிலையில் இருக்கிறது என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பி.சி.சி. உறுப்பினர்கள் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள், சட்டப்படி அறங்காவலர்கள். எத்தனையோ சபைகளில் பொருளாளர் கிடைப்பதே பெரும்பாடு. உங்களுக்குக் கணக்கு எழுதத் தெரியும் என்றால், தட்டில் போடும் காசைவிட அந்த உதவி சபைக்குப் பெரிது. அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முன்பே சர்ச் வார்டனிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.